காலையில் மறந்துபோகிற கம்ப்யூட்டர்

02.06.2025, திங்கள்

பிலோமினா இன்று கைப்பையில் ஒரு பென் டிரைவ் கொண்டுவந்தாள். சிவப்பு நிறம். என் ஆபீஸில் சிவப்பு பென் டிரைவ் கிடையாது. இருப்பது இரண்டு, இரண்டும் கறுப்பு, இரண்டும் என் மேஜை டிராயரில் பூட்டியிருக்கின்றன. என்ன என்று கேட்டேன். "லினக்ஸ் அண்ணாச்சி" என்றாள், ஏதோ கத்தரிக்காய் என்பதுபோல.

விஷயம் இதுதான். ஆபீஸ் கம்ப்யூட்டர் கிழடாகிவிட்டது. காலையில் பெட்டியின் சுவிட்சைப் போட்டுவிட்டு நான் மைதீன் கடையில் டீ குடித்து, பேப்பரில் இரங்கல் விளம்பரம் வரை படித்துவிட்டு வந்தாலும் திரையில் வட்டம் சுற்றிக்கொண்டுதான் இருக்கும். பத்திரத்தை ஆன்லைனில் ஏற்றாமல் இப்போது ரிஜிஸ்டர் ஆபீஸில் டோக்கன் கிடையாது. புதுப் பெட்டி வாங்கலாம் என்றால், குளியலறைக்கு ஓடு மாற்றச் சொல்லி மங்கை ஆறு மாதமாக நிற்கிறாள். மங்கை என் வீட்டுக்காரி. பிலோமினா சொல்லும் யோசனை, விண்டோஸை அழிக்காமல், அதே வேலையைச் செய்கிற லினக்ஸை அதன் பக்கத்திலேயே போடுவது. பெட்டி பறக்குமாம். காசும் கிடையாதாம்.

காசு கிடையாது என்ற இடத்தில்தான் எனக்கு நெருடியது. அம்பாசமுத்திரத்தில் இருபத்தெட்டு வருடமாகப் பத்திரம் எழுதுகிறேன். சும்மா கிடைக்கிற சொத்தில் வில்லங்கம் இல்லாமல் நான் பார்த்ததே இல்லை. தானப் பத்திரம் என்று சிரித்துக்கொண்டு வருவான். தோண்டினால் உள்ளே மூன்று வாரிசும் ஒரு கோர்ட் கேஸும் படுத்திருக்கும்.

"இதை யாரு தந்தா?"

"தெரிஞ்சவங்ககிட்ட வாங்குனேன் அண்ணாச்சி."

தெரிந்தவர் யார் என்று சொல்லவில்லை. போன வியாழக்கிழமை இவள் எதிர் வரிசையில் இசக்கிராஜா ஆபீஸ் படியில் இறங்கியதை நான் பார்த்தேன். இசக்கிராஜா புதிதாக லைசென்ஸ் வாங்கி வந்த பத்திர எழுத்தர். ஏசி போட்டிருக்கிறான். பதினேழு வருடமாக என்னிடம் டைப் அடிக்கிறவளுக்கு அங்கே என்ன வேலை?

இந்த டைரியில் அடித்தல் திருத்தல் கிடையாது. பத்திரத்தில் ஒரு சொல்லை அடித்தால்கூட அந்தப் பக்கத்தின் அடியில் 'அடித்தல் ஒன்று' என்று குறித்துக் கையெழுத்துப் போட வேண்டும். அந்தப் பழக்கம் எனக்கு. எழுதினால் எழுதியதுதான்.

03.06.2025, செவ்வாய்

புளி ஒரு கிலோ. பிரஷர் மாத்திரை. இசக்கிராஜா ரோட்டில் என்னைப் பார்த்து வணக்கம் வைத்தான். எதற்கு?

04.06.2025, புதன்

லினக்ஸ் போட்டாயிற்று. நான் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்து, கண்ணை எடுக்காமல் பார்த்தேன்.

பெட்டியை ஆஃப் செய்து ஆன் செய்ததும் எஃப்2 என்ற பொத்தானைத் தட்டிக்கொண்டே இருக்க வேண்டுமாம். கதவைத் தட்டுவதுபோலத் தட்டினாள். விண்டோஸ் வராமல் வேறொரு நீலப் பக்கம் வந்தது. அதன் பெயர் பயாஸ். கம்ப்யூட்டர் கண் விழித்ததும் முதலில் யாரைப் பார்க்க வேண்டும், யாரை உள்ளே விட வேண்டும் என்பதெல்லாம் அங்கேதான் எழுதியிருக்கிறதாம். இத்தனை வருடம் என் மேஜை மேல் இருக்கிற பெட்டிக்குள் எனக்குத் தெரியாமல் இப்படி ஓர் அறை!

முதலில் லினக்ஸ் கிளம்பவில்லை. திரையில் சிவப்புக் கட்டம் வந்தது. 'இன்வாலிட் சிக்னேச்சர்' என்று எழுதியிருந்தது.

"கையெழுத்து சரியில்லைன்னு சொல்லுது" என்றேன். அந்த நிமிஷம் பெட்டி மேல் எனக்கு ஒரு மரியாதையே வந்துவிட்டது.

"ஆமா அண்ணாச்சி. செக்யூர் பூட்னு ஒண்ணு காவலுக்கு இருக்கு. தெரிஞ்ச கையெழுத்தா இருந்தாத்தான் உள்ள விடும். இந்த லினக்ஸ அதுக்குத் தெரியாது. காவல எடுத்துட்டேன்னா வந்துரும்."

"காவல எடுத்துட்டா வேற எவனும் வந்துர மாட்டானா?"

"வரணும்னா நம்ம வாசல் தாண்டித்தான அண்ணாச்சி வரணும்" என்று சிரித்தாள்.

காவலை எடுத்தாள். பூட் ஆர்டர் என்ற வரிசையில் லினக்ஸை முதலாவதாகவும் விண்டோஸை இரண்டாவதாகவும் வைத்தாள். எஃப்10 அடித்துச் சேமித்தாள். அரை நிமிஷத்தில் லினக்ஸ் வந்து நின்றது. பெட்டி நிஜமாகவே பறக்கிறது. அதையும் எழுதத்தான் வேண்டும்.

ஆனால் சாயங்காலம் யோசித்துப் பார்த்தேன். பதினேழு வருடத்து நகல்கள் அந்தப் பெட்டியில் இருக்கின்றன. பார்ட்டிகளின் பெயர், சர்வே நம்பர், நான்கு எல்லை, யாருக்கு எங்கே நிலம் என்ற சகலமும். நான் ஐந்தரைக்குக் கிளம்பிவிடுவேன். அவள்தான் ஆறு மணிக்குப் பூட்டுவாள். அவளிடம் ஒரு சாவி இருக்கிறது. சிவப்பு பென் டிரைவ் இருக்கிறது. காவலும் எடுத்தாயிற்று. சாவியைத் திருப்பிக் கேட்டால் முகம் முறிந்துபோகும்.

ஆறேகாலுக்குத் திரும்பப் போனேன். வெளிச்சுவரில் இருக்கிற மீட்டர் பெட்டியின் சாவி என்னிடம் மட்டும்தான். அதைத் திறந்து ஃபியூஸ் கட்டையைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். கரண்ட் இல்லாமல் எதைக் காப்பி எடுப்பாள்? காலையில் எட்டரைக்கு நான்தானே முதலில் போகிறேன், செருகிவிடலாம். இனி தினமும் இப்படித்தான்.

05.06.2025, வியாழன்

நான் சந்தேகப்பட்டது வீண் போகவில்லை.

ஒன்பது மணிக்கு பிலோமினா வந்து சுவிட்சைப் போட்டாள். லினக்ஸ் வரவில்லை. அதே சிவப்புக் கட்டம், அதே கையெழுத்துப் புகார். பிறகு பெட்டி தானாக விண்டோஸுக்குப் போய்விட்டது. அவள் எஃப்2 தட்டி உள்ளே போய்ப் பார்த்தாள். நேற்று எடுத்த காவல் திரும்ப நிற்கிறது. விண்டோஸ் பழையபடி முதல் வரிசையில் இருக்கிறது.

"நேத்து மாத்துனதெல்லாம் போயிருச்சே. அண்ணாச்சி, நீங்க எதையும் தொட்டியளா?"

என்னைக் கேட்கிறாள்! நான் அந்தப் பெட்டியில் தொடுவது தூசியை மட்டும்தான். ஏன் என் பக்கம் திருப்புகிறாள்? நேற்று நான் ஐந்தரைக்குக் கிளம்பிய பிறகு, பூட்டுவதற்குள் இவளே மாற்றியிருப்பாள். எல்லாவற்றையும் மறுபடி மாற்றினாள். நன்றாக ஓடியது.

சாயங்காலம் ஃபியூஸ் கட்டையைக் கழற்றினேன்.

06.06.2025, வெள்ளி

இன்றும் அப்படியே. இன்று கூடுதலாக ஒன்று: பெட்டியில் தேதி 01.01.2015 என்று காட்டியது. பத்து வருடம் பின்னால். பிறகு இன்டர்நெட் வந்ததும் தானாகச் சரியாகிவிட்டது.

பிலோமினா நெற்றியைச் சுருக்கிக்கொண்டு திரையையே பார்த்தாள். பிறகு கேட்டாள்.

"ராத்திரி இங்க கரண்ட் போகுதா அண்ணாச்சி?"

எதற்குக் கேட்கிறாள்? ராத்திரி வந்து சுவிட்சைப் போட்டுப் பார்த்து ஏமாந்தாளோ? உண்மையைச் சொன்னால் சுதாரித்துக்கொள்வாள்.

"போகலியே" என்றேன்.

"யாரும் மெயின ஆஃப் பண்ணலியே?"

"எவன் வந்து பண்ணப் போறான்?"

"அப்படின்னா யாரோ உள்ள போயித்தான் மாத்துதாங்க" என்றாள்.

யாரோவாம். தெருவில் கரண்ட் போகவில்லை என்பது உண்மைதானே. நான் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை.

08.06.2025, ஞாயிறு

நேற்று பக்ரீத், ரிஜிஸ்டர் ஆபீஸ் லீவு. இன்று துணி துவைக்க எடுத்த மங்கை என் சட்டைப் பையிலிருந்து ஃபியூஸ் கட்டையைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

"இது என்ன கூத்து? பையெல்லாம் தொங்கிப் போச்சு. கரண்டையும் கையோட வீட்டுக்குக் கொண்டாந்துட்டியளோ?"

விஷயத்தைச் சொன்னேன். அவள் ஈரத் துணியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"ஒங்களுக்கு டெங்கு வந்தப்ப அந்தப் பிள்ளதான் ஒத்தையா இருபது நாள் ஆபீஸ நடத்துனா. நேரா கேட்டுட்டா என்ன?"

"கேட்டா இல்லம்பா."

"இல்லன்னா இல்லன்னுதான அர்த்தம்?"

பத்திர எழுத்தன் பெண்டாட்டி பேசுகிற பேச்சா இது? இல்லை என்று சத்தியம் பண்ணுகிறவன்தான் என்னிடம் போலிப் பத்திரத்தோடு வருவான். மத்தியானம் கூட்டாஞ்சோறு. மங்கை எனக்கு அப்பளம் வைக்கவில்லை. கேட்கவும் இல்லை நான்.

09.06.2025, திங்கள்

எழுதவே கை கூசுகிறது. இந்தக் கைலாசம் எழுதிய பத்திரம் ரிஜிஸ்டர் ஆபீஸிலிருந்து திரும்பி வந்துவிட்டது. இருபத்தெட்டு வருடத்தில் முதல் தடவை.

வேலுத்தாய் என்று ஒரு அம்மாள். ஆபரேஷனுக்குத் திருநெல்வேலி போகிறாள். போவதற்கு முன் வீட்டை மகள் பேருக்கு எழுதிவைத்துவிட வேண்டும் என்று வந்திருந்தாள். காலையில் நேரமில்லை, இன்டர்நெட் வருவதற்குள் அவசர அவசரமாக பிரின்ட் எடுத்தோம். தேதியைப் பெட்டியே போட்டுக்கொள்ளும். அது 01.01.2015 என்று போட்டிருந்தது. நான் பார்க்கவில்லை. பிலோமினாவும் பார்க்கவில்லை. கவுன்டரில் இருந்த பெண், "என்ன சார், அம்மா பத்து வருஷத்துக்கு முன்னாடியே எழுதிக் குடுத்துட்டாங்களா?" என்று எல்லோரும் கேட்கும்படி சிரித்தாள். டோக்கன் போயிற்று. வேலுத்தாய் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். நாளைக்கு வரச் சொல்லியிருக்கிறேன்.

என் பெயரைக் கெடுத்தால் யாருக்கு லாபம்? எதிர் வரிசையில் ஏசி போட்டவனுக்கு.

சாயங்காலம் பிலோமினாவே ஒரு வழி சொன்னாள். "பயாஸுக்கு ஒரு பாஸ்வேர்ட் போட்டுருவோம் அண்ணாச்சி. நீங்களே போடுங்க. நான் திரும்பிக்கிடுதேன். அப்புறம் எவன் வந்து மாத்துதான்னு பாப்போம்." சுவர்ப் பக்கம் திரும்பி நின்றாள். ஒற்றை விரலால் அடித்தேன். என்ன வார்த்தை என்று இந்த டைரியில்கூட எழுத மாட்டேன்.

என் பங்குக்கு நானும் ஒரு வேலை செய்தேன். அவள் பூட்டிவிட்டுப் போன பிறகு, கையெழுத்துப் போட்ட ஒரு துண்டுச் சீட்டைக் கதவும் நிலையும் சேருகிற இடத்தில் பசை தடவி ஒட்டினேன். திறந்தால் என் கையெழுத்து இரண்டாகக் கிழியும். ஃபியூஸ் கட்டையைக் கழற்றினேன்.

10.06.2025, செவ்வாய்

சீட்டு கிழியவில்லை. ஒட்டினபடியே இருந்தது. பசையில் ஒரு எறும்பு செத்து ஒட்டியிருந்தது.

பெட்டியோ மறந்திருந்தது. காவல், வரிசை, தேதி எல்லாம் பழையபடி. எஃப்2 தட்டினால் பாஸ்வேர்ட் கேட்கவே இல்லை. கேட்காமலே கதவு திறக்கிறது. பாஸ்வேர்டும் போய்விட்டது.

எனக்கு மட்டும் தெரிந்த வார்த்தை. சுவர்ப் பக்கம் திரும்பி நின்றவள் நான் தட்டிய சத்தத்தை எண்ணியிருக்க வேண்டும். சீட்டு எப்படிக் கிழியவில்லை? நனைத்து எடுத்துத் திரும்ப ஒட்டத் தெரிந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். அவ்வளவு கெட்டிக்காரி என்று இத்தனை நாள் தெரியாமல் இருந்திருக்கிறேனே.

வேலுத்தாய் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். மைதீன் டீ கொண்டுவந்து வைத்துக்கொண்டிருந்தான். பிலோமினா, "பாஸ்வேர்டையும் காணும் அண்ணாச்சி" என்றாள், ஆச்சரியப்படுகிறவள்போல.

"நடிக்காத. இசக்கிராஜாகிட்ட எத்தன பத்திரத்தக் கொண்டு குடுத்த? ஒரு திருடிய உள்ள வச்சுக்கிட்டு நான் வாசல்ல காவல் பாத்திருக்கேன்."

திருடி என்றே சொன்னேன். எழுதுகிறேன், ஏனென்றால் சொன்னேன்.

அவள் உட்கார்ந்த இடத்திலிருந்து எழுந்திருக்கவில்லை. "அண்ணாச்சி, ஒண்ணே ஒண்ணு மட்டும் திரும்பக் கேக்கேன். ராத்திரி கரண்ட் நிக்கலியே?" என்றாள்.

"நிக்கலன்னு எத்தன வாட்டி சொல்ல?"

கைப்பையைத் திறந்து சாவியை எடுத்து டைப் அடிக்கிற மேஜையில் வைத்தாள். சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டாள். கீபோர்டுக்கு உறையைப் போட்டாள், சாயங்காலம் போடுகிற மாதிரி. போய்விட்டாள்.

வேலுத்தாய், "பாவம்யா அந்தப் பொண்ணு" என்றாள்.

அவள் பத்திரத்தை நானே விண்டோஸில் ஒற்றை விரலால் அடித்தேன். நான்கு மணி நேரம் ஆயிற்று. தேதியை மூன்று தடவை பார்த்தேன். பதிவாகிவிட்டது.

11.06.2025, புதன்

இன்று காலையும் பெட்டி 2015-இல்தான் இருந்தது. டூப்ளிகேட் சாவி அடித்து வைத்திருக்கிறாள், மீட்டர் பெட்டிக்கும் சேர்த்து; நான் கழற்றிய கட்டைக்குப் பதில் ஒரு துண்டுக் கம்பி போதும்.

12.06.2025, வியாழன்

திருநெல்வேலி போய் ஏழு லீவர் பூட்டு ஒன்று வாங்கி வந்தேன். சாவி என் அரைஞாண் கயிற்றிலேயே தொங்குகிறது. பார்க்கலாம், இனி யார் வருகிறார்கள் என்று.

லினக்ஸை நானே எழுப்பிவிட வேண்டும் என்று வைராக்கியமாக உட்கார்ந்தேன். எஃப்2 எங்கே இருக்கிறது என்று தேடியதில் கீபோர்டைத் தூக்கினேன். அடியில் ஒரு அட்டை ஒட்டியிருந்தது. பிலோமினா கையெழுத்து. மேலே 'நான் லீவில் இருந்தால் அண்ணாச்சிக்கு' என்று தலைப்பு. கீழே கொட்டை எழுத்தில், எந்தப் பொத்தானை எப்போது தட்ட வேண்டும், அம்புக்குறியை எத்தனை தடவை கீழே இறக்க வேண்டும், எதை ஆஃப் செய்ய வேண்டும் என்று படிப்படியாக எழுதியிருந்தாள். 'எஃப்2 மேல் வரிசையில், இடமிருந்து மூன்றாவது. பதற வேண்டாம், தப்பாகப் போனால் எஸ்கேப் அடிக்கவும்' என்றுகூட இருந்தது. கடைசியில் ஏதோ ஒரு வரியை எழுதி அடித்திருந்தாள்.

ஆக, லீவு போடும் திட்டம் முன்பே இருந்திருக்கிறது.

அட்டையைப் பார்த்துப் பார்த்துச் செய்தேன். ஒரே தடவையில் வந்துவிட்டது. சாயங்காலம் புதுப் பூட்டைப் போட்டுப் பூட்டினேன். மழை வருகிற மாதிரி இருந்தது. இந்தப் பூட்டு இருக்கும்போது ஃபியூஸ் கட்டை எதற்கு? அதை அதன் இடத்திலேயே விட்டுவிட்டு வந்தேன்.

13.06.2025, வெள்ளி

நிரூபணம் ஆகிவிட்டது!

காலையில் சுவிட்சைப் போட்டேன். சிவப்புக் கட்டம் இல்லை. அரை நிமிஷத்தில் லினக்ஸ். தேதி 13.06.2025. சாவியை மாற்றியதும் திருட்டு நின்றுவிட்டது. கோர்ட்டில் நின்றாலும் இதைவிட நல்ல அத்தாட்சி உண்டா?

மைதீனிடம் சொன்னேன். "நீங்க சொன்னா சரிதான் அண்ணாச்சி" என்று டீ கிளாஸைச் சத்தமாக வைத்துவிட்டுப் போனான். சர்க்கரை போட மறந்திருந்தான்.

15.06.2025, ஞாயிறு

நன்றாகத் தூங்கினேன். மங்கை, "விடிய விடியப் புரண்டிய" என்கிறாள். அவளுக்கு எப்படித் தெரியும், தூங்காமல் இருந்தாளா?

16.06.2025, திங்கள்

பெட்டி ஒழுங்காக இருக்கிறது. மூன்று பார்ட்டி வந்து, நான் டைப் அடிக்கிற வேகத்தைப் பார்த்துவிட்டு நாளைக்கு வருகிறோம் என்று போய்விட்டார்கள். அதில் ஒருவர் "அந்தம்மா எங்க?" என்றார். உடம்பு சரியில்லை என்றேன்.

17.06.2025, செவ்வாய்

இன்று மாதாந்திரப் பராமரிப்பு, ஒன்பதிலிருந்து இரண்டு வரை கரண்ட் கிடையாது என்று பேப்பரில் போட்டிருந்தது. எட்டரைக்குப் போய்ச் சுவிட்சைப் போட்டேன். லினக்ஸ் நன்றாக வந்தது. ஒன்பது மணிக்குக் கரண்ட் நின்றது, பெட்டியும் நின்றது. யுபிஎஸ் போன வருடமே செத்துவிட்டது. நான் எங்கும் போகவில்லை. பெட்டிக்கு எதிரிலேயே உட்கார்ந்து பழைய ஃபைல்களை அடுக்கிக்கொண்டு, பேப்பரால் விசிறிக்கொண்டு இருந்தேன். மத்தியானச் சாப்பாடுகூட அதே நாற்காலியில்தான். ஒரு ஈ காக்கை உள்ளே வரவில்லை.

இரண்டு பத்துக்கு ஃபேன் சுற்றியது. சுவிட்சைப் போட்டேன்.

சிவப்புக் கட்டம். கையெழுத்து சரியில்லை. விண்டோஸ். 01.01.2015.

நான் நாற்காலியைத் திருப்பிப் பின்னால் பார்த்தேன். நிஜமாகத் திரும்பிப் பார்த்தேன். யார் இருப்பார்கள்? நான் ஒருவன்தான் இருந்தேன். ஐந்து மணி நேரமாக நான் ஒருவன்தான்.

இந்த டைரியை எடுத்து முதலிலிருந்து படித்தேன். நான்காம் தேதி சாயங்காலம் ஃபியூஸ் கட்டை. ஐந்தாம் தேதி காலை மறதி. ஐந்து சாயங்காலம் கழற்றினேன், ஆறு காலை மறதி. பன்னிரண்டாம் தேதி கழற்றவில்லை. பதின்மூன்று காலை எல்லாம் சரி. ஊரார் பத்திரத்தில் எல்லாம் மூலம் தேடுகிறவன், என் கையெழுத்தில் இருந்ததை நான் படிக்கவில்லை.

கீபோர்டைத் தூக்கி அட்டையை எடுத்தேன். அடித்திருந்த கடைசி வரியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் படிக்க முடிந்தது.

'தேதி 2015 என்று காட்டினால், ராத்திரி கரண்ட் அடியோடு நின்றிருக்கிறது, உள்ளே பெட்டியின் ஞாபகத்தைக் காக்கிற வட்டப் பேட்டரியும் தீர்ந்துவிட்டது. பேட்டரி மாற்ற வேண்டும்.'

அதற்குப் பக்கத்தில் சின்ன எழுத்தில்: 'அடித்தல் ஒன்று. கரண்ட் நிற்பதில்லை என்று அண்ணாச்சி சொன்னார்கள். பி.'

சரியாகக் கண்டுபிடித்து எழுதியிருக்கிறாள். என் வார்த்தையை நம்பி அதை அடித்திருக்கிறாள். அடித்ததற்குக் கணக்காகக் கையெழுத்தும் போட்டிருக்கிறாள், நான் சொல்லிக்கொடுத்த மாதிரியே.

வெட்கமாக இருக்கிறது. இதற்கு மேல் இன்று எழுத முடியவில்லை.

18.06.2025, புதன்

வாட்ச் ரிப்பேர் கடையிலேயே அந்தப் பேட்டரி கிடைத்தது. ஐந்து ரூபாய் காசு அளவுதான் இருக்கிறது. கடைக்காரரே வந்து மாட்டிக் கொடுத்தார். அட்டையைப் பார்த்துக் காவலையும் வரிசையையும் மாற்றினேன். பிறகு ஃபியூஸ் கட்டையைக் கழற்றி, ஒரு மணி நேரம் கையிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்துவிட்டுத் திரும்பச் செருகினேன். பெட்டி ஒன்றையும் மறக்கவில்லை.

மத்தியானம் பக்கத்து ஊரான ஊர்க்காட்டுக்கு, பிலோமினா வீட்டுக்குப் போனேன். மாவு சலித்துக்கொண்டிருந்தாள். உட்காரச் சொன்னாள், தண்ணீர் கொடுத்தாள். காபி கேட்கவில்லை.

"கம்ப்யூட்டர்ல பேட்டரிதான் போயிருக்கு. மாத்தியாச்சு. நீ நாளைக்கு வந்துரு" என்றேன். வழியெல்லாம் வேறு என்னென்னவோ சொல்வதாக இருந்தேன்.

அவள் சல்லடையைக் கீழே வைத்தாள்.

"பேட்டரி போனது கரண்ட் நின்னாத்தான் தெரியும் அண்ணாச்சி. கரண்ட் நிக்கலன்னு ரெண்டு தடவ சொன்னிய. நான் அத நம்பித்தான் வேற எல்லாத்தையும் தேடுனேன். இப்ப எப்படி பேட்டரி?"

ஃபியூஸ் கட்டை என்ற சொல் தொண்டை வரை வந்தது. "யோசிச்சுச் சொல்லு" என்று அசட்டுத்தனமாக எதையோ சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டேன். பஸ்ஸுக்குக்கூட நிற்கவில்லை. நடந்தே வந்தேன்.

19.06.2025, வியாழன்

மங்கையிடம் எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவாள் என்று பார்த்தேன், திட்டவில்லை. "வாயால சொல்ல வரலன்னா எழுதிக் குடுங்க. அதான ஒங்க தொழில்?" என்றாள்.

புதிதாக எழுதினால் நான் நைசாக எழுதிவிடுவேன். என்னை எனக்குத் தெரியும். எழுதி வைத்திருப்பது ஏற்கெனவே இருக்கிறது. நாளை காலை இந்த டைரியையே அவளிடம் கொடுத்துவிடப் போகிறேன். கொடுப்பதற்கு முன் ஐந்தாறு இடத்தை அடித்துவிடலாமா என்று பேனாவைத் திறந்தேன். மூடிவிட்டேன்.

20.06.2025, வெள்ளி

இது பிலோமினா எழுதுவது.

அண்ணாச்சி, டைரியை என் கையில் கொடுத்துவிட்டு நிற்காமல் போய்விட்டீர்கள். முழுவதும் படித்தேன். சில பக்கங்களை இரண்டு தடவை படித்தேன். சீட்டு ஒட்டிய பக்கத்தைப் படித்தபோது முதலில் சிரிப்பு வந்தது. பிறகு அழுகை வந்தது.

சிவப்பு பென் டிரைவ் இசக்கிராஜா சாரிடம் வாங்கியதுதான். அவர் ஆபீஸில் லினக்ஸ் ஓடுகிறது. அவர் பெயரைச் சொன்னால் நீங்கள் போடவே விட மாட்டீர்கள் என்று சொல்லாமல் இருந்தேன். அது என் தப்பு. அந்த வியாழக்கிழமை அவர் என்னை வேலைக்கும் கூப்பிட்டார். வரவில்லை என்றேன். ஏன் என்று கேட்டதற்கு, எங்கள் அண்ணாச்சிக்கு எஃப்2 எது என்றே தெரியாது, நான் வந்துவிட்டால் ஆபீஸ் நின்றுவிடும் என்றேன்.

வேலுத்தாயம்மாவும் மைதீன் அண்ணனும் இருக்கும்போது நீங்கள் என்னைத் திருடி என்றீர்கள். அந்த இரண்டு பேரும் இருக்கும்போதே ஃபியூஸ் கட்டையைக் கையில் எடுத்துக் காட்டி, நடந்ததைச் சொல்ல வேண்டும். எதற்கும் சாட்சி இரண்டு பேர் வேண்டும் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தது நீங்கள்தான். வேலுத்தாயம்மாவுக்கு ஆபரேஷன் புதன்கிழமை. அதற்குள் சொல்லுங்கள். சொன்ன பிறகு நான் வருகிறேன்.

டைரியில் அடித்தல் திருத்தல் இல்லை. பத்தாம் தேதிப் பக்கத்தில் ஒன்று இருக்க வேண்டும்.

பி.

23.06.2025, திங்கள்

10.06.2025 தேதியிட்ட பக்கத்தில் அடித்தல் ஒன்று. அடிக்கப்பட்ட சொல்: திருடி.

எழுதியவர்: ஆ. கைலாசம், பத்திர எழுத்தர்.

சாட்சி 1: வேலுத்தாய், இடது பெருவிரல் ரேகை.

சாட்சி 2: எம். மைதீன்.

படித்துப் பார்த்தவர்: பிலோமினா, டைப்பிஸ்ட். காலை 9.00.